ஓட்டு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை? நாட்டுக்கு நாடு மாறும் கணக்கு

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது தெருவுக்குத் தெரு ஒரே கேள்விதான். ஆதார் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, போன தேர்தலில் ஓட்டும் போட்டாயிற்று. அப்புறம் எதற்கு 2002 அல்லது 2005 பட்டியலில் அப்பா, அம்மா பெயரைத் தேட வேண்டும்?

இன்னொரு பக்கம், மதுரையிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போன மாணவர், கையில் இந்திய பாஸ்போர்ட்டுடன், பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் சட்டப்படி வாக்களிக்கலாம் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அது உண்மை.

சொந்த ஊரிலேயே ஓட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது. அயல்நாட்டில் பெயரைப் பதிந்தாலே கிடைக்கிறது. இரண்டும் எப்படி நடக்கின்றன என்று புரிய, வாக்குரிமை என்ற ஒற்றைச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உரிமை வேறு, தகுதி வேறு, பட்டியல் வேறு

இந்திய அரசியலமைப்பின் 326-வது பிரிவு, வயது வந்த குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை என்கிறது. அதே பிரிவிலேயே விலக்குகளும் உண்டு: வசிக்காமை, மனநிலை பாதிப்பு, குற்றம், தேர்தல் முறைகேடு ஆகியவற்றின் பேரில் சட்டம் ஒருவரைத் தள்ளி வைக்கலாம். அந்தச் சட்டங்கள்தான் 1950, 1951-ம் ஆண்டுகளின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்கள்.

இது பற்றிய முதல் பெரிய தீர்ப்பு நம்மூர் வழக்கில் வந்தது. சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலுக்கு நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவர் தாக்கல் செய்த வேட்புமனுவை அதிகாரி தள்ளுபடி செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வாக்களிப்பதும் போட்டியிடுவதும் பிறப்போடு வரும் உரிமைகள் அல்ல, சட்டம் உண்டாக்கிக் கொடுப்பவை என்று 1952 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது. சட்டம் கொடுத்ததற்குச் சட்டம் நிபந்தனையும் போடலாம் என்பதே இதன் பொருள்.

எந்த நாட்டை எடுத்தாலும் அந்த நிபந்தனைகள் இந்த ஐந்து வாசல்களுக்குள் அடங்கிவிடும்:

1. வயது.
2. குடியுரிமை: நீங்கள் எந்த நாட்டவர்.
3. குடியிருப்பு: எங்கே வசிக்கிறீர்கள்.
4. தகுதியிழப்பு: சிறை, மனநிலை, பதவி போன்ற காரணங்கள்.
5. பட்டியல்: மேலே சொன்ன நான்கும் சரியாக இருந்தும், பெயர் ஏறியிருக்கிறதா.

பேச்சு எப்போதும் முதலாவதைப் பற்றியே நடக்கிறது. மக்கள் கூட்டம் கூட்டமாக ஓட்டை இழந்ததெல்லாம் இரண்டாவதிலும் ஐந்தாவதிலும்தான்.

வயது: சண்டை குறைவான இடம்

பெரும்பாலான நாடுகளில் 18. இந்தியாவில் 21 ஆக இருந்ததை அரசியலமைப்பின் 61-வது திருத்தம் 18 ஆக்கியது. 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மலேசியா இதை வெகு தாமதமாகச் செய்தது. 2019-ல் திருத்தம் நிறைவேறி, 2021 டிசம்பரில்தான் அமலானது. கூடவே, 18 வயதானால் பெயர் தானாகவே பட்டியலில் ஏறும் என்ற ஏற்பாடும் வந்தது. விளைவு: 2018-ல் ஏறக்குறைய 1.49 கோடியாக இருந்த மலேசிய வாக்காளர்கள் 2022-ல் 2.1 கோடியைத் தாண்டினார்கள். பக்கத்தில் சிங்கப்பூரில் இன்னமும் 21தான்.

கீழே இறங்கியவர்களும் உண்டு. ஆஸ்திரியா 2007-லேயே 16-க்கு வந்துவிட்டது. பிரேசிலில் 16, 17 வயதினர் விரும்பினால் போடலாம், 18 முதல் 70 வரை கட்டாயம். ஸ்காட்லாந்து, வேல்ஸ் நாடாளுமன்றங்களுக்கு 16 வயதில் வாக்களிக்கலாம். பிரிட்டன் முழுமைக்கும் அப்படியே ஆக்கப்போவதாக அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. இந்தோனேசியாவின் விதிதான் விசித்திரம்: 17 வயது நிரம்பியிருக்க வேண்டும், அல்லது கல்யாணம் ஆகியிருக்க வேண்டும்.

மேல் வயது வரம்பு நாடுகளின் தேர்தல்களில் கிடையாது. 80 வயதானால் ஓட்டு இல்லை என்று சொல்லும் பிரபலமான தேர்தல் ஒன்றே ஒன்று, போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்களுடையது.

குடியுரிமை: லண்டனில் ஏன் ஓட்டு, நியூஜெர்சியில் ஏன் இல்லை?

பொதுவிதி எளிது: அந்த நாட்டுக் குடிமகனுக்குத்தான் அந்த நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு. ஆனால் விதிவிலக்குகளில்தான் வரலாறு ஒளிந்திருக்கிறது.

பிரிட்டனில் 1918-ம் ஆண்டுச் சட்டம் வாக்களிப்பவர் 'பிரிட்டிஷ் பிரஜை'யாக இருக்க வேண்டும் என்றது. அன்று அந்தச் சொல்லுக்குள் சென்னைக்காரரும் கொழும்புக்காரரும் அடக்கம். சாம்ராஜ்யம் கலைந்தபோது வந்த 1948-ம் ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம், காமன்வெல்த் குடிமக்களை அதே வகுப்பிலேயே வைத்தது. குடியேற்ற விதிகளைப் பிற்பாடு எவ்வளவோ இறுக்கினார்கள். ஓட்டை மட்டும் தொடவில்லை. இன்றும் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள், தங்குவதற்கு முறையான அனுமதியுடன் பிரிட்டனில் வசித்தால், படிப்பு விசாவாக இருந்தாலும், பட்டியலில் பெயர் சேர்த்து நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். அதே தெருவில் இருபது வருடமாக வரி கட்டிக்கொண்டிருக்கும் பிரெஞ்சுக்காரருக்கு அது கிடையாது. பழைய சாம்ராஜ்யத்தின் மிச்சம்தான் இது. இன்றைக்கு ஒரு நாடு புதிதாக உட்கார்ந்து சட்டம் எழுதினால் இப்படி எழுதாது. பதிலுக்கு இந்தியாவில் வசிக்கும் பிரிட்டிஷ்காரருக்கு நாம் ஓட்டுத் தருவதும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் இதே சரக்கின் கடைசித் துண்டு ஒன்று கிடக்கிறது. 1984 ஜனவரி 25 அன்று பட்டியலில் பெயர் இருந்த பிரிட்டிஷ் பிரஜைகள், ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்காமலே இன்றும் வாக்களிக்கலாம். அவர்களுக்குப் பின்னால் அந்தக் கதவு சாத்தப்பட்டது.

வேறொரு தர்க்கத்தில் நடப்பது நியூசிலாந்து. பெண்களுக்கு 1893-லேயே வாக்குரிமை கொடுத்த நாடு அது. 1975 முதல் அங்கே குடியுரிமை தேவையில்லை. நிரந்தரமாக வசிக்கும் அனுமதியும், ஒரு வருடம் தொடர்ந்து அங்கே வாழ்ந்திருப்பதும் போதும். ஈக்வடார் (5 வருடம்), மலாவி (7 வருடம்), உருகுவே (15 வருடம்), சிலி ஆகியவையும் நீண்ட நாள் வசிக்கும் அயல்நாட்டவரைத் தேசியத் தேர்தலிலேயே சேர்த்துக்கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒன்றியக் குடிமக்களுக்கு எந்த உறுப்பு நாட்டில் வசித்தாலும் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு. அயர்லாந்தில் உள்ளாட்சிக்கு யார் குடியிருந்தாலும் போடலாம்.

அமெரிக்கா நேர் எதிர். கூட்டாட்சித் தேர்தலில் குடிமகன் அல்லாதவர் வாக்களிப்பதை 1996-ம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இங்கே ஏமாறுவது ஒரு சாதாரணப் படிவத்தில். டிரைவிங் லைசென்ஸ் அலுவலகத்தில் நீட்டும் படிவத்தில் வாக்காளர் பதிவுக்கான கட்டமும் இருக்கும். 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்பதில் கவனக்குறைவாக டிக் அடித்து, பெயரும் ஏறி, ஓட்டும் போட்டுவிட்டால் நாடு கடத்தும் நடவடிக்கை வரை போகலாம். பெயரைச் சேர்த்தது அலுவலகம்தானே என்ற வாதம் பெரும்பாலும் காப்பாற்றுவதில்லை.

வளைகுடாவில் குடியுரிமை இருந்தாலும் போதாது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 40 பேர் கொண்ட தேசிய கவுன்சிலில் பாதிப் பேருக்குத்தான் தேர்தல். அதில் வாக்களிக்கும் குடிமக்கள் யார் என்பதை ஒவ்வோர் அமீரகத்தின் ஆட்சியாளரும் பட்டியலிட்டுக் கொடுப்பார். 2006-ல் முதல் முறை நடந்தபோது அந்தப் பட்டியலில் 7,000 பேர்கூட இல்லை.

ஓட்டைத் தொடாமல் ஓட்டைப் பறிப்பது: மலையகத்தின் பாடம்

இலங்கைக்கு 1931-ல் டொனமூர் அரசியலமைப்பு வந்தது. 21 வயதான ஆண், பெண் இருபாலருக்கும் ஓட்டு. பிரான்ஸ் நாட்டுப் பெண்கள் அதற்கு 1944 வரை காத்திருந்தார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய எட்டு என்று புரியும். மலையகத்தில், அதாவது மலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், வேலை பார்த்த இந்திய வம்சாவளித் தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஓட்டுக் கொடுப்பதில் அப்போதே எதிர்ப்பு இருந்தது. தீவிலேயே நிலையாகத் தங்குபவர் என்று காட்ட வேண்டிய கட்டுப்பாடுகளோடுதான் கிடைத்தது. இருந்தும் 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் தோட்டத்து ஓட்டுகள் கைகொடுத்தன.

அடுத்து நடந்ததை வரிசையாகப் பார்க்க வேண்டும். வரிசையில்தான் விஷயமே இருக்கிறது.

1. 1948: இலங்கைக் குடியுரிமைச் சட்டம். இதில் ஓட்டு பற்றி ஒரு பேச்சும் இல்லை. குடிமகன் யார் என்று மட்டும் சொன்னது: தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். நீங்களே அங்கே பிறந்தது கணக்கில் வராது.

2. 1949: இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். பதிவு செய்து குடியுரிமை பெற வழி விட்டது. 1946 ஜனவரி 1-க்கு முன், கல்யாணமானவர் 7 வருடமும் ஆகாதவர் 10 வருடமும் விடாமல் தங்கியிருந்ததை நிரூபிக்க வேண்டும். லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில் வாழும் குடும்பம் எந்தக் காகிதத்தைக் காட்டும்? இடையில் ஊருக்குப் போய்வந்தவர்களுக்கு அந்தப் பயணமே தடையானது. சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டது சுமார் 1,34,000 பேருக்கு.

3. அதே 1949: நாடாளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டம். குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு என்றது. தனியாகப் படித்தால், எந்த நாட்டிலும் இருக்கும் வரிதான்.

1952 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களின் பிரதிநிதியாக ஒருவரும் நாடாளுமன்றத்தில் இல்லை. மூன்று சட்டங்களில் எதுவும் 'இவர்களுக்கு ஓட்டு இல்லை' என்று ஒரு சமூகத்தின் பெயரை எழுதவில்லை. முதல் சட்டம் குடிமகன் என்ற சொல்லின் பொருளை மாற்றியது, மூன்றாவது அந்தச் சொல்லோடு ஓட்டைக் கட்டியது. இதை எதிர்ப்பதில் தமிழ்க் காங்கிரஸ் பிளந்தது. செல்வநாயகம் விலகி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

கொடுமை அதோடு நிற்கவில்லை. 1959 தொகுதி மறுவரையறையில் மொத்த மக்கள்தொகையை வைத்து இடங்களைப் பிரித்தார்கள். ஓட்டில்லாத தொழிலாளர்களின் தலைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. அவர்களால் மலைப் பகுதிக்குக் கூடுதல் இடங்கள் கிடைத்தன. அந்த இடங்களுக்கு வாக்களித்தவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்தார்.

1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். 1988-லும் 2003-லும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான் நாடற்றவர் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. ஒரு தலைமுறையின் வாழ்நாள் முழுக்க அதில் போய்விட்டது.

இதன் நிழல் தமிழ்நாட்டிலும் உண்டு. இலங்கைத் தமிழர் முகாம்களில் பல பத்தாண்டுகளாக இருப்பவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, காரணம் அதே இரண்டாவது வாசல். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்கு, தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருந்தாக வேண்டும். ஒரே முகாமில், ஒரே குடும்பத்தில், அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே இந்தத் தேதி விழக்கூடும்.

வசிக்கும் இடம்: புதுச்சேரியும் துபாயும்

இந்தியச் சட்டம் ஒரு தொகுதியில் 'சாதாரணமாக வசிப்பவர்' அங்கே வாக்காளர் என்கிறது. சொந்த வீடு இருப்பது மட்டும் தகுதி ஆகாது. ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர், படிவம் 8 கொடுத்துத் திருப்பூருக்குப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். பீகாரிலிருந்து வந்து வசிப்பவருக்கும் அதேதான். இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளத்தான் கூடாது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்களுக்கு 2010 திருத்தம் வழி திறந்தது. படிவம் 6-ஏ மூலம், பாஸ்போர்ட்டில் உள்ள முகவரித் தொகுதியில் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப் போட அந்த வாக்குச்சாவடிக்கே நேரில் வர வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் இப்படிப் பதிந்திருந்தவர்கள் சுமார் 1.19 லட்சம், வந்து வாக்களித்தவர்கள் 3,000 பேருக்கும் குறைவு, அவர்களிலும் பெரும்பாலோர் கேரளத்தவர். விமான டிக்கெட் வாங்கினால்தான் பயன்படும் உரிமைக்கு வேறென்ன கணக்கு வரும்? அயல்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு இதுவும் இல்லை. இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை ஓட்டுக்கு உதவாது.

இதோடு புதுச்சேரியை வைத்துப் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். பாரிஸில் அதிபர் தேர்தல் என்றால் புதுச்சேரியிலேயே அவர்களுக்கு வாக்குச்சாவடி. நடந்துபோய்ப் போட்டுவிட்டு வரலாம். வெளிநாட்டில் வாழும் தன் குடிமக்களுக்கென்றே பிரெஞ்சு நாடாளுமன்றக் கீழவையில் 11 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலில் மட்டும் இவர்களுக்கு ஓட்டு இல்லை.

குடிமகனாகவே இருந்தும், நாட்டின் ஆட்சிக்குள்ளேயே வசித்தும் ஓட்டில்லாமல் போவதற்கு எடுத்துக்காட்டு போர்ட்டோ ரிகோ. அங்கே பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள்தான், ஆனால் அது மாநிலம் அல்ல என்பதால் அதிபர் தேர்தலில் ஓட்டு இல்லை. அதே ஆள் ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தால் கிடைத்துவிடும்.

சிறையும் காவியும் சீருடையும்

இந்தியாவில் சிறையில் இருப்பவர் வாக்களிக்க முடியாது; தண்டனை பெற்றவர் மட்டுமல்ல, விசாரணைக் கைதியும்தான். தண்டனை பெற்று ஜாமீனில் வெளியே இருப்பவர் போடலாம். தடுப்புக் காவலுக்கு மட்டும் விலக்கு என்பதால், குண்டர் சட்டத்தில் உள்ளே இருப்பவருக்குத் தபால் ஓட்டு உண்டு. ஜாமீன் தொகை கட்ட வழியில்லாமல் உள்ளே கிடக்கும் சில்லறைத் திருட்டு வழக்குக்காரருக்கு இல்லை. இந்த விதியை உச்ச நீதிமன்றம் 1997-ல் ஏற்றுக்கொண்டது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. குற்றம் நிரூபணமாகாதவரின் ஓட்டைப் பறிக்கும் அதே சட்டம், அவர் உள்ளிருந்தபடியே வேட்பாளராக நிற்க அனுமதிக்கிறது. 2024-ல் திகார் சிறையிலிருந்தபடியே ஒருவர் பாராமுல்லாவில் மக்களவைக்கு வென்றார்.

கனடாவில் எல்லாக் கைதிகளுக்கும் ஓட்டு உண்டு என்று 2002-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் சிறைக்குள்ளிருந்தே போடலாம். ஃபுளோரிடாவில் தண்டனை முடித்தவர்களுக்கு ஓட்டைத் திருப்பிக் கொடுக்க 2018-ல் மக்களே வாக்களித்து முடிவெடுத்தார்கள். மறு வருடமே, அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் பாக்கியில்லாமல் கட்டியிருக்க வேண்டும் என்று சட்டமன்றம் ஒரு முடிச்சுப் போட்டது.

தாய்லாந்து, மியான்மர் நாடுகளில் பௌத்த பிக்குகளுக்கு ஓட்டு இல்லை. இந்தோனேசியாவில் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் இல்லை. பிரிட்டனில் பிரபுக்கள் சபை உறுப்பினர்கள் பொதுத்தேர்தலில் வாக்களிக்க முடியாது.

கடைசி வாசல்: பட்டியல்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு, 1951-52-ல், பட்டியல் எழுத வீடு வீடாகப் போனார்கள். வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே பதிவானது. பெயரில்லாத பதிவு செல்லாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முடிவெடுத்தார். சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீங்கின. அவர்களுக்கு வயது இருந்தது, குடியுரிமை இருந்தது, வசிப்பிடம் இருந்தது.

பட்டியலில் பெயர் ஏற்றும் பொறுப்பு யாருடையது என்பதில் நாடுகள் இரண்டாகப் பிரிகின்றன. ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் குடியிருப்புப் பதிவேட்டிலிருந்து தானாக வந்துவிடும். அமெரிக்காவின் பெரும்பகுதியில் நீங்களே போய்ப் பதிய வேண்டும். நார்த் டகோட்டா மாநிலத்தில் மட்டும் பதிவு என்பதே கிடையாது. ஆஸ்திரேலியாவில் பதிவது, வாக்களிப்பது இரண்டும் கட்டாயம். சிங்கப்பூரில் வாக்களிக்கத் தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள், காரணம் சொல்லித் திரும்பச் சேர்க்க வேண்டும்.

இந்தியா இதுவரை நடுவில் இருந்தது: அரசு ஊழியர் வீட்டுக்கு வருவார், படிவம் நாம் கொடுப்போம், ஒருமுறை ஏறிய பெயரை நீக்கத்தான் காரணம் வேண்டும். தீவிரத் திருத்தத்தில் அந்தப் பாரம் வாக்காளர் பக்கம் நகர்ந்தது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரும் கணக்கெடுப்புப் படிவம் கொடுத்தால்தான் வரைவுப் பட்டியலில் தொடர்வார். முதல் கேள்விக்கு விடையும் இங்கேதான். ஆதார், இந்தியாவில் 182 நாள் வசித்த வெளிநாட்டவருக்கும் கிடைக்கும் அட்டை. அது ஆளைக் காட்டும், குடியுரிமையைக் காட்டாது. பீகாரில் நடந்த இதே தீவிரத் திருத்தம் பற்றிய வழக்கில் 2025 செப்டம்பரில் அதை ஓர் ஆவணமாக ஏற்கச் சொன்ன உச்ச நீதிமன்றமும் அடையாளத்துக்கு மட்டுமே என்றது. பழைய பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருப்பது, இரண்டாவது வாசலை முன்பே தாண்டியவர் என்பதற்கான தடயம். அதனால்தான் அதைத் தேடச் சொன்னார்கள்.

பெயர் விடுபட்டிருந்தால் செய்ய வேண்டியவை:

1. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. 18 வயதுக்கு இப்போது ஜனவரி 1 மட்டுமல்ல, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் தகுதி நாட்கள்.
2. பதிவு அதிகாரி மறுத்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. அங்கேயும் மறுத்தால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம்.
3. வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பட்டியலில் கை வைக்க முடியாது.

வாக்காளர் அட்டையைத் தொலைத்தவர் பட்டியலில் இருந்தால் பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ் போன்ற வேறோர் அடையாளத்தைக் காட்டிப் போட்டுவிடலாம். அட்டை பத்திரமாகக் கையில் இருந்து, பட்டியலில் பெயர் இல்லையென்றால் பூத்திலிருந்து திரும்பி வர வேண்டியதுதான்.